ஒளிச்சிருந்த கிருமி

நெடுந்தீவில் பசு வளர்த்துப் பால் விற்கிற ஜெனீற்றாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். யாழ்ப்பாணம் போய் நான்கு தடவை மருந்து ஏற்றியதில் கட்டி கரைந்துவிட்டது. ஐந்தாம் தடவைக்குப் போனபோது கண் மஞ்சளாயிருந்தது. வார்ட்டில் சேர்த்தார்கள்.

அன்று தொடக்கம் ஒரே கேள்விதான்.

"நாட்டுமருந்து ஏதும் குடிச்சனீங்களோ?"

"இல்லை."

காலையில் ஒரு டொக்டர், பின்னேரம் இன்னொருவர். அவள் சொன்ன "இல்லை"யை ஒருவரும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமி இல்லையென்று தொடக்கத்திலேயே பார்த்தாயிற்று, ஆகவே பிழை அவளுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

கடைசியில் புருஷன் டெனிஸ்ரனும் குனிந்து காதுக்குள் கேட்டான். "உண்மையைச் சொல்லும். மாமி தந்த கசாயத்தைக் குடிச்சனீரோ?"

"கிணத்தடியில ஊத்தினனான். நீங்களும் நம்பேல்லையோ?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள், வேறிடத்திலிருந்து மாறி வந்த டொக்டர் கோசலா அவளுடைய கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டுக் கேட்டாள். "அக்கா, சின்னனில இப்பிடிக் கண் மஞ்சளாகிச் செங்கமாரி வந்ததோ?"

"ஓம், பதினொரு வயசில. படகு ஓடாத காலம், நாப்பது நாள் பாயில கிடந்தனான். இதை முதல் ஒருத்தரும் கேக்கேல்லையே!"

இரத்தம் கொழும்புக்குப் போய், முடிவு வர இன்னொரு கிழமை எடுத்தது. கிருமி இருந்தது.

"முதல் செய்த சோதனையில பிடிபடாத அளவுக்கு ஈரலுக்குள்ள ஒளிச்சிருந்திருக்கு," என்றாள் கோசலா. "உங்கட எதிர்ப்புச் சக்திதான் இவ்வளவு காலமும் அதை அமத்தி வைச்சிருந்தது. நாங்கள் ஏத்தின மருந்து அந்தச் சக்தியைக் குறைக்க, எழும்பிட்டுது."

"முதலே கண்டுபிடிக்க ஏலாதோ?"

"பழைய தொற்றைக் காட்டுற இன்னொரு சோதனை இருக்கு. அதைச் செய்திருந்தால் முன்கூட்டியே விழுங்கக் குளுசை தந்து தடுத்திருக்கலாம்."

"அப்ப ஏன் செய்யேல்லை?"

கோசலா கொப்பியை மூடினாள். "செய்திருக்க வேணும், அக்கா."

பிறகு குளுசை தொடங்கினார்கள். மஞ்சள் இறங்க இரண்டு மாதம் சென்றது. அதற்குள் புற்றுநோய் மருந்தை நிறுத்தியிருந்ததால் கழுத்தில் மறுபடி கட்டி தட்டுப்பட்டது. கரைந்துபோனதை இனி மறுபடி கரைக்க வேண்டும். படகு, பஸ், வரிசை, ஊசி எல்லாம் புதிதாக. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

மருந்து திரும்பத் தொடங்கிய நாள், பக்கத்துக் கதிரையில் சுருவிலிலிருந்து வந்த கஜனி என்ற பெண் இருந்தாள். அவளுக்கு அன்றுதான் முதல் தடவை.

"தங்கச்சி, ஈரல் கிருமிக்கு எத்தினை சோதனை செய்தவை?"

"ஒண்டு. இல்லையெண்டு வந்தது."

"மற்றதையும் செய்யச் சொல்லிக் கேளும். பழைய தொற்றைக் காட்டுறது."

நேர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "சும்மா ஆக்களைப் பயப்படுத்தாதேங்கோ அம்மா. கையை நீட்டுங்கோ."

"நீட்டுறன். முதல் இந்தப் பிள்ளையின்ரை கொப்பியைப் பாருங்கோ."

கஜனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு டொக்டரின் அறைப் பக்கம் நடந்தாள். அவள் உள்ளே போகும்வரை ஜெனீற்றா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.