கடைசித் தண்ணீருக்குக் கற்பூரம்

றாஹிலா ஈரத்துணியைத் திரித்து, கணவன் ஷரிபுதீனின் மூக்குக்குள் அப்பியிருந்த தைலத்தைத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"மதினி, நெஞ்சில மட்டும் பூசுங்க, மூக்குக்குள்ள வெக்கவே வேணாமெண்டு டாக்குத்தர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! மூச்சுக்கு அந்தரப்படுற மனிசன்."

"சும்மா கிட புள்ள. உம்மா மௌத்தானதிலிருந்து இவன வளத்தவள் நான். நீ எனக்குப் படிச்சித் தாறியா?" என்றாள் ஷரிபுதீனின் மூத்த சகோதரி நாச்சியா.

நாச்சியாவின் மகன் சவூதியிலிருந்து அந்தப் பெரிய தைலப் போத்தலை அனுப்பியதிலிருந்து அவளுக்கு வேறு மருந்தே இல்லை. தலையிடியா, வயிற்றுக்குத்தா, எல்லாவற்றுக்கும் தைலம். போன கிழமை பூனை தும்மியதென்று அதன் நெஞ்சிலும் தேய்த்துவிட்டாள். அது நக்கி நக்கி, வாயால் நுரை தள்ளி, இரண்டு நாள் அடுப்படியில் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்தாவது அந்த மனுஷிக்குப் புத்தி வந்ததா?

மத்தியானம் ளுஹர் பாங்கு சொல்லி முடியுமுன் ஷரிபுதீனின் மூச்சு நின்றது.

அவருடைய நெஞ்சு நாலு மாதமாகவே கெட்டுப்போயிருந்தது. அது றாஹிலாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தைலத்தைப் பற்றி ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சபையில் சொல்லிவிட்டால் மதினி மிச்ச நாளெல்லாம் அதைச் சுமந்துகொண்டு திரிவாள். வேண்டாமென்று வாயை இறுக்கிக்கொண்டாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பின்வளவில் துணி மறைத்து மையத்தைக் குளிப்பாட்டினார்கள். கடைசித் தண்ணீரில் கரைக்கக் கற்பூரம் வாங்க எல்லோருமே மறந்துபோயிருந்தார்கள். "கற்பூரம் எங்க?" என்று மறைப்புக்குள்ளிருந்து லெப்பை கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, நாச்சியா போத்தலோடு எழும்பினாள்.

"இதுலயும் கற்பூரம்தானே இரிக்கி. இதக் கரைங்க."

"உயிரோட இரிக்கக்குள்ள அவர்ர மூக்க அடச்சது காணாதா ஒங்களுக்கு?" றாஹிலா கத்தியேவிட்டாள்.

நாச்சியா போத்தலைக் கீழே வைத்தாள். யாரோ சைக்கிளில் கடைக்குப் பறந்து கற்பூரம் கொண்டுவந்தார்கள். கபன் துணி சுற்றி, மையத்தைக் கிடத்திய சந்தூக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் மதினியைக் காணவில்லையென்று றாஹிலா கவனித்தாள்.

நாச்சியா கிணற்றடியில் குந்தியிருந்தாள். சவர்க்காரம் போட்டு விரல்களை உரசினாள், மணந்து பார்த்தாள், மறுபடியும் உரசினாள். வாளியில் தண்ணீர் தீர்ந்துபோனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அல்லாஹ்வே, இந்த மனிசியோட நான் என்ன செய்யிற!" றாஹிலாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கிணற்றில் வாளியை விட்டு இழுத்தாள்.

"கையக் காட்டுங்க."

நாச்சியா இரண்டு கைகளையும் நீட்டினாள். றாஹிலா மெல்ல மெல்ல ஊற்றினாள்.