கிறிஸ்தவர்கள் அப்படி அழைக்கிறார்கள்

அந்தியோக்கியாவின் விசாரணைக் கூடத்தில் வக்கீல் மரினோஸ் கைதியாக நின்றார். பாரசீகப் போரின் சரித்திரத்தை எட்டுப் புத்தகமாக எழுதியவர். கிறிஸ்தவப் பேரரசு தடை செய்த பழைய தெய்வங்களை இரகசியமாகக் கும்பிடுகிறார் என்று அவர்மேல் புகார். போன வாரம் இதே புகாரில் ஒரு வைத்தியரை ஒட்டகத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டு, இந்தக் கூடத்தின் வாசலிலேயே தலையை எடுத்தார்கள். வாசல் கல்லில் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை. மரினோஸின் மனைவி எவ்ஃபீமியா அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்து, தடுப்புக்குப் பின்னால் நின்றாள்.

விசாரணை அதிகாரி அஸ்தேரியோஸ் புத்தகத்தைப் புரட்டினார்.

“‘தலைமைப் பூசாரி ஊருக்குள் வந்தார். ஆயர் என்று கிறிஸ்தவர்கள் அவரை அழைக்கிறார்கள்.’ நீர் எழுதினதுதானே, வக்கீலே?”

“ஆமாங்கய்யா.”

“கிறிஸ்தவங்க ஆயர்னு அழைக்கிறாங்க. சரி, நீர் எப்படி அழைப்பீர்?”

“நானும் ஆயர்னுதான் சொல்லுவேன். ஆனா சரித்திரத்தை ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கிரேக்க மொழியில எழுதணும்ங்க. அப்போ ஆயர் ஏது, துறவி ஏது? அதனால அந்த வார்த்தையே நமக்குத் தெரியாத மாதிரி எழுதுறது வழக்கம்.”

“தெரியாத மாதிரி! நல்ல வழக்கமய்யா.”

அந்த வழக்கம் புரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அஸ்தேரியோஸ் அதில் சேர்த்தி இல்லை. ‘நேரா எழுதித் தொலைங்களேன்’ என்று எவ்ஃபீமியா எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்! மனுஷன் கேட்டால்தானே. ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் நின்று ஜெபிப்பவர், மையைத் தொட்டதும் வேற்றூர்க்காரர் ஆகிவிடுவார்.

அஸ்தேரியோஸ் ஒரு தாளை நகர்த்தினார். குரல் இளகியிருந்தது.

“ஞானஸ்நானம் வாங்கினவன்னு உம்ம கையால ஒரு வரி எழுதும். வீட்டுக்குப் போயிடலாம்.”

எவ்ஃபீமியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மரினோஸ் எழுதுகோலை எடுத்ததும் அவளுக்குப் பகீரென்றது.

“ஐயா! வாயால கேளுங்கய்யா. எழுதச் சொல்லாதீங்க!”

“ஏம்மா, கை நடுங்குமா?”

“நடுங்காதுங்கய்யா. அதுதான் எனக்குப் பயம்!”

“வாய் ஆயிரம் சொல்லும். சட்டத்துக்கு எழுத்துதான் வேணும்.”

“ஏங்க, சும்மா நேரா எழுதுங்க. சந்தையில பேசுற மாதிரி!”

மரினோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு சொல் எழுதினார், யோசித்தார், மறுபடி எழுதினார். தலை நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. வாக்கியம் வாகாக அமைந்துவிட்டால் அவருக்கு வரும் சிரிப்பு அது. இருபது வருஷமாக அவள் பார்த்து வருகிற சிரிப்பு. எவ்ஃபீமியா தடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அஸ்தேரியோஸ் தாளை எடுத்து உரக்கப் படித்தார்.

“‘ஞானஸ்நானம் என்று கிறிஸ்தவர்கள் அழைக்கும் நீராடலை, நான் குழந்தையாக இருக்கும்போதே பெற்றேன்.’”

தான் எழுதியதை மரினோஸ் அப்போதுதான் காதால் கேட்டார். அவர் முகம் வெளுத்தது.

“ஐயா, இங்க குடுங்க. நாலு வார்த்தைதான், அடிச்சுடுறேன்.”

நீட்டிய கை அப்படியே நின்றது. அஸ்தேரியோஸ் தாளை மடித்து அதன்மேல் முத்திரையை வைத்து அழுத்தினார்.

“ஒட்டகத்தைக் கொண்டாங்கடா” என்றார்.