நான்காவது யோசனை

1

இந்தக் கதை ஓர் அரசாங்கக் கோப்பிலிருந்து வந்தது. கோப்பை நான் எடுத்து வரவில்லை, அது குற்றம். தொண்ணூற்றெட்டில் தில்லியில் ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்த வெங்கடராமனாகிய எனக்கு மிஞ்சியது இந்தக் கதைதான். (பென்ஷனும்.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'தலைநகரைப் பனி மூடியிருந்த ஒரு காலையில்—'

அடித்துவிட்டேன். நடந்தது ஜூன் மாதம். கூலரில் தண்ணீர்கூட இல்லை.

2

விஷயம் இதுதான். அரசு வானொலிக்கு யார் பணம் தருவது? வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் கட்டிய காலம் போய்விட்டது. பட்ஜெட்டிலிருந்து தருகிறார்கள். தருகிறவர், செய்தியில் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். இதைச் சீர்திருத்தக் குறிப்பு எழுதும் வேலை எங்கள் செக்‌ஷன் ஆபீசர் விசாலாக்ஷி மேடத்திடம் வந்தது.

மேடத்திடம் ஒரு வித்தை உண்டு. எதற்கும் மூன்று யோசனை எழுதுவார். பெரிய அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருப்பதை டிக் செய்வார்கள். ஆகவே முதல் யோசனை: மறுபடி வீட்டுக்கு வீடு லைசென்ஸ். மூன்றாவது: செய்தியைப் பிரஷர் குக்கர் கம்பெனிக்கு விற்பது. நடுவில் நிஜமான யோசனை: தனியார் சேனல்களின் வருமானத்தில் ஒரு பங்கை வாங்கி, எந்த மந்திரியும் கை வைக்க முடியாத தனி நிதியாக்குவது. வானொலியின் தற்காலிக ஆட்களை அதிலிருந்து நிரந்தரமாக்குவது.*

* கோப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அவ்வளவு மழுப்ப எனக்கு வராது.

3

மாலா அந்தத் தற்காலிக ஆட்களில் ஒருத்தி. தமிழ்ச் செய்தி வாசிப்பாள். மாதத்தில் ஆறு நாள்தான் கூப்பிடுவார்கள், ஏழு வருடமாக. அந்த ஆறு நாளும் எங்கள் ஜனக்புரிக்குப் போகும், மாதச் சந்தா கட்டும் சார்ட்டர்ட் பஸ்ஸில் என்னோடு வருவாள்.

"சார், ஃபைல் என்னாச்சு?"

"ஜல்தி ஆயிடும்மா. மேடம் எழுதிண்டிருக்கா."

"எழுதற ஃபைல் வேணாம் சார். நகர்ற ஃபைலா குடுங்க."

(இவளைச் சோகமாக எழுதிப் பார்த்தேன். 'ஜன்னலோரம் அமர்ந்த மாலாவின் விழிகளில்—' அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்ததே இல்லை. என்ஜின் மூடிமேல்தான் உட்காருவாள்.)

4

குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். மூன்று யோசனைகளையும் அடித்து முடித்தேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகத் தொடர்ந்தது: '(ஈ) அல்லது, இதை மேலும் ஆராய ஒரு குழு அமைக்கலாம்.' மேடம் வருவதற்கு முன்பு எங்கள் செக்‌ஷனில் எந்தக் குறிப்பும் அந்த வரி இல்லாமல் முடிந்ததில்லை, கேன்டீன் சமோசா பற்றிய குறிப்பு உட்பட.

மணி ஐந்து இருபத்தைந்து. பஸ் ஐந்தரைக்கு.

"வெங்கடராமன், சரியா பாத்துட்டேளா?"

"பாத்தாச்சு மேடம்."

கையெழுத்துப் போட்டார். அவரவர் பஸ்ஸுக்கு ஓடினோம்.

நான்குக்கு நடு கிடையாது. மேலே இருந்தவர் நான்காவதை டிக் செய்தார். குழு உட்கார்ந்தது, இன்னொரு குழு வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தது. மாலாவை நிறுத்தி உத்தரவு எதுவும் வரவில்லை; நிரந்தரமாக்கும் பேச்சு முடியும்வரை பழைய ஆட்களைக் கூப்பிட வேண்டாம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். ஒரு மாதம் போன் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. நுழைவு பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று பஸ்ஸில் சொன்னாள்:

"மேடம்தான் சார் கடைசி நேரத்துல பயந்துட்டாங்க."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வெட்கமாக இருக்கிறது. கோப்பிலிருந்து வந்தது என்று முதலில் சொன்னேனே, அது புளுகு. இந்தக் கதை அந்தத் தலையாட்டலிலிருந்து வந்தது.

5

முடிவுகள்:

(அ) மாலா தனியார் சேனலில் சேர்ந்து பிரபலமாகிறாள். எனக்கு நிம்மதி.

(ஆ) நான் அவள் வீட்டு மணியை அடித்து, அந்த நான்காவது வரியை டைப் அடித்தவன் நான்தான் என்று சொல்கிறேன். அவள் கதவைச் சாத்துகிறாள்.

(இ) விசாலாக்ஷி மேடம் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார், பெரிய மனசோடு என்னை மன்னித்துவிட்டார்.

எதை நடுவில் வைத்திருக்கிறேன் என்று பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள் டிக் செய்தால் போகிறேன். அதே ஜனக்புரிதான், இரண்டு பிளாக் தள்ளி. சீக்கிரம் செய்யுங்கள், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

(ஈ) அல்லது, இதை மேலும் ஆராய