எல்லோரையும் பாஸ் போட்டவள்

அட்டைப்பெட்டிக் கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு வெட்டு மெஷின், ஒரு மடிப்பு மெஷின், ஒரு பசை மேஜை, பெட்டியில் கம்பிப் பின் அடிக்கிறவர்களுக்கு இரண்டு ஸ்டூல். மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஆபீஸ். ஆபீஸ் என்பதும் மரியாதைக்குச் சொல்கிற பேச்சுதான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு மனுஷி. அந்த மனுஷியைத்தான் எல்லோரும் கம்ப்யூட்டரக்கா என்று கூப்பிட்டார்கள். பசை மேஜையில் வேலை செய்கிற, அவளைவிடப் பல வயது மூத்த பசையண்ணனும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதிலுக்கு அவள் அவரை அண்ணே என்பாள். யார் யாருக்கு மூத்தவர் என்று அந்தக் கொட்டகையில் எவரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

பில் போடுவது, ஆர்டர் வாங்குவது, வண்டிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது, அட்டை தீரும் முன்பே சொல்லி வரவழைப்பது, லீவு வேண்டுமென்று தலையைச் சொறிகிறவர்களுக்காகச் சின்ன முதலாளியிடம் தூது போவது எல்லாம் அவள்தான். பெரிய முதலாளி இருந்தபோதே வந்து சேர்ந்தவள். வீட்டில் புருஷன் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. உட்கார்ந்தால் எழுப்பி விட ஆள் வேண்டும். ஆக, அவள் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வரைதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இது அவளுக்கும் தெரியும், கொட்டகையில் அத்தனை பேருக்கும் தெரியும்.

இவர்கள் செய்கிற பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரு பெரிய செருப்புக் கம்பெனிக்குத்தான் போகும். அங்கிருந்து ஒருநாள் மெயில் வந்தது. தங்களுக்குச் சரக்கு கொடுக்கிற சின்னக் கம்பெனிகள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாற வேண்டுமாம். அதற்காக ஆன்லைனில் ஒரு பயிற்சி. மெயில் எழுதுவது, பில்லை இணையத்தில் ஏற்றுவது, சரக்கு இருப்பைப் பதிவது, வாடிக்கையாளருக்குப் பதில் போடுவது. தொழிலாளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் அவரவர் போனில் பாடம் பார்த்துப் பரீட்சை எழுத வேண்டும். மூன்று வாய்ப்புதான். பெரும்பாலானவர்கள் தேறாவிட்டால் அந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடையாது. முதலாளிமாருக்கு மட்டும் பயிற்சி இல்லை. அவர்கள் பிறக்கும்போதே தேறிவிட்டவர்கள் போலிருக்கிறது.

"பெட்டி வெட்டுறவனுக்கு எதுக்கும்மா மெயிலு?" என்று வெட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவளும் முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் பசை மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துப் பாடத்தை ஓட விட்டாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே நின்று, "வணக்கம், தொழில்முனைவோரே" என்றாள்.

"யாரைச் சொல்றா?" என்று பின் அடிக்கிற அண்ணி கேட்டாள்.

"நம்மளைத்தான்" என்றாள் அக்கா.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணியின் நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த அண்ணியும் நாத்தனாரும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருத்திக்குப் பின் தீர்ந்தால்கூட, "அக்கா, அவகிட்ட பின் இருந்தா தரச் சொல்லுங்க" என்று இன்னொருத்திக்கு ஆபீஸ் வழியாகத்தான் சேதி போகும். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பயிற்சியால் விளைந்த நன்மை என்று சொன்னால் அது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் வண்டி ஓட்டுகிற 'ஹாரன்' வாயைப் பிளந்து தூங்கிவிட்டான். மற்றவர்கள் தூக்கத்தை மரியாதையாகக் கண்ணைத் திறந்துகொண்டே போட்டார்கள்.

பசையண்ணன் மட்டும் முனைப்பாக உட்கார்ந்து பார்த்தார். அவர் கஷ்டம் வேறு. பசை காய்ந்து காய்ந்து அவர் விரல் நுனியெல்லாம் தோல்மேல் தோலாக இருக்கும். போன் அந்த விரலை விரலாகவே மதிக்கவில்லை. ஒரு பதிலைத் தொட்டால் எதுவும் நடக்காது, அழுத்தித் தேய்த்தால் வேறு பதிலில் போய் விழும். விரல் முட்டியால் குத்திக் குத்தி இரண்டு தடவை எழுதினார். இரண்டு தடவையும் பெயில். மூன்றாவது வாய்ப்பு பாக்கியிருக்கும்போது போனை எடுத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அக்கா, பசை பூசுற மெஷின் வரப்போகுதாம். தெரியுமா?"

தெரியும். அதற்கு விலை கேட்டு மெயில் அனுப்பியதே அவள்தான். அவரிடம் சொல்ல வாய் வராமல் விழுங்கி வைத்திருந்தாள்.

"மெஷின் வந்தா முதல்ல கழிச்சுக் கட்டுறது என்னைத்தான். இதுல பெயிலும் ஆயிட்டேன்னா கேட்கவே வேண்டாம். மூணு பொம்பளப் பிள்ளைக்கா. நீங்களே போட்டு விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் அந்தப் போனை வாங்கியிருக்கக் கூடாது. பெரிய மனுஷன் ஒருவர் அப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றால் யாரால்தான் முடியும்? வாங்கினாள். வெறுமனே பாஸ் ஆனால் போதாது, நல்ல மார்க் இருந்தால் சின்ன முதலாளி இவரை அனுப்ப யோசிப்பார் என்று கணக்குப் போட்டு, ஒரு கேள்விகூடத் தப்பாமல் போட்டுக் கொடுத்தாள். பச்சை எழுத்தில் வாழ்த்து வந்தது. பசையண்ணன் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். அவளுக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று.

கொட்டகையில் எது மறைந்திருக்கும்? மறுநாளே வெட்டுக்காரர் வந்தார். "அண்ணனுக்கு மட்டும்தான் செய்வியா, நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா" என்று உரிமையோடு சண்டை பிடித்தார். ஒப்பந்தம் போனால் எல்லோருக்கும்தானே போகும் என்று அவளும் நினைத்தாள். பிறகென்ன, வரிசைதான். பஸ்ஸில் ஒருவர் பரீட்சை, சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் பரீட்சை, வீட்டில் கஞ்சி கொதிக்கிறபோது இன்னொருவர் பரீட்சை. சந்தேகம் வராமலிருக்க ஆளுக்குத் தகுந்த மாதிரி தப்பு வேறு போட்டாள். வெட்டுக்காரர் அவசரக்காரர், அதனால் கேள்வியைச் சரியாகப் படிக்காத தப்புகள். ஹாரனுக்குப் பில் சம்பந்தமான தப்பு. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மட்டும் மார்க் அச்சு மாறாமல் ஒன்றுபோல. ஒரு மார்க் கூடக்குறைய இருந்தாலும் அந்தப் பஞ்சாயத்தும் இவள் தலையில்தான் விடியும்.

"பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு டீச்சர் கிடைச்சிருந்தா நான் கலெக்டர் ஆயிருப்பேன்" என்று புருஷன் கிண்டல் பண்ணினார்.

தன்னுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். தினமும் செய்கிற வேலைதானே, கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று அலட்சியம். முதல் தடவை பாதியில் ஹாரன் வந்து, "அக்கா, சீட்டு கொடுங்க, செருப்புக் கம்பெனி கேட்டைப் பூட்டிடுவாங்க" என்று நின்றான். பரீட்சைக்குக் கடிகாரம் ஓடுகிறது என்று அவனிடம் சொல்ல முடியுமா? எழுந்து சீட்டு போட்டுக் கொடுத்துவிட்டு வருவதற்குள் நேரம் முடிந்திருந்தது. இரண்டாவது தடவை செருப்புக் கம்பெனியிலிருந்தே போன், அளவு மாற்றச் சொல்லி. வெட்டு மெஷினை நிறுத்த ஓடினாள். திரும்பி வந்தால் திரையில் சிவப்பு. மூன்றாவது தடவை கடைசி நாள். ஊரில் உள்ள சின்னக் கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்திருக்கும் போல. ஒவ்வொரு கேள்விக்கும் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது பரீட்சை முடிந்துவிட்டது என்று வந்தது. இனி ஆறு மாதம் கழித்துத்தான் எழுத முடியும் என்றும் வந்தது.

அவள் அப்போதும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தி பெயிலானால் என்ன, கம்பெனி தேறிவிட்டதே என்று இருந்துவிட்டாள். பைத்தியக்காரி.

பயிற்சிக்காரர்கள் அனுப்பிய அறிக்கையை வைத்துக்கொண்டு சின்ன முதலாளி ஆபீஸுக்கே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். எல்லோர் பெயருக்கு நேரேயும் பச்சை, ஒரே ஒரு பெயருக்கு நேரே சிவப்பு. பச்சைகளில் உச்சியில் பசையண்ணன்.

"எனக்கே சொல்றதுக்குக் கஷ்டமா இருக்குக்கா" என்றார். நல்ல பையன்தான். கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். "அடுத்த மாசத்துலேருந்து பில், ஆர்டர் எல்லாமே அவங்க இணையத்துலதானாம். பாஸ் ஆகாதவங்க அதுல கை வைக்கக் கூடாதாம். அண்ணனை ஆபீஸ்ல உட்கார வைக்கச் சொல்றாங்க. அவருக்கு இவ்வளவு மூளை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லக்கா. இத்தனை வருஷம் பசை வாளியில போட்டு வீணடிச்சிருக்கோம்."

அவள் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, சிவப்புக்கு நேரே இருந்த பெயரைப் படித்தாள்.

"நீங்க பழைய முறையிலேயே ஊறிட்டீங்க. பழைய ஆளுங்களுக்குப் புதுசு ஏறுறது கஷ்டம்னு அவங்களே அறிக்கையில போட்டிருக்காங்க. பின் அடிக்க, மடிக்க எல்லாம் ஆள் இருக்கு. ரெண்டு பேரை ஆபீஸ்ல வச்சுக்க நமக்குக் கட்டுப்படி ஆகாது. வேற இடத்துல ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, நான் பேசுறேன்."

அவளுக்குத் தொண்டை வரை வந்தது. தம்பி, அந்தப் பச்சை அத்தனையும் நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம்? பொய்ப் பரீட்சை என்று தெரிந்தால் செருப்புக் கம்பெனி மறுநாளே கழற்றி விட்டுவிடும். கொட்டகைக்கே பூட்டு விழும். அவள் வேலையும் திரும்பி வராது, மற்றவர்கள் வேலையும் போகும். பசையண்ணனின் மூன்று பெண்கள் கண் முன்னால் வந்து நின்றார்கள். தன் புருஷன் முகமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் நின்றிருந்தன. எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அண்ணியும் நாத்தனாரும் தலை நிமிராமல் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசையண்ணன் மட்டும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஆபீஸை நோக்கி வந்தார். வந்து சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். சொல்லட்டும் என்று ஒரு மனசு, ஐயோ வேண்டாம் என்று ஒரு மனசு. அவர் கதவைத் திறந்தார். முதலாளியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வண்டிக்குச் சீட்டு ரெடியாக்கா?" என்று கேட்டார்.

அவள் எழுந்து போய்ச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மாதம் முடிகிற வரை பக்கத்தில் உட்கார வைத்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதலாளி எட்டிப் பார்க்கும்போதெல்லாம், நன்றாகத் தெரிந்தவருக்குச் சும்மா ஞாபகப்படுத்துவதுபோல நடிக்க வேண்டியிருந்தது. "என்னைத் திட்டிடுக்கா, ரெண்டு வார்த்தை திட்டிடு" என்று ஒருநாள் அவர் அழுதார். திட்டவும் அவளுக்கு வரவில்லை. கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பிறகு அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம், பிரின்டிங் பிரஸ், நூல் கம்பெனி. பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுக்கிற எல்லா இடத்திலும் இப்போது முதல் கேள்வி ஒன்றுதான், அந்த ஆன்லைன் பயிற்சி முடித்திருக்கிறீர்களா என்று. பொய் சொல்லவும் வழியில்லை. போன் நம்பரைத் தட்டிப் பார்த்தால் சிவப்பு வந்துவிடும். பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். வேலை இல்லை என்றதைவிட அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

ஒருநாள் காலையில் புருஷனைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பசையண்ணன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, பில் ஏற மாட்டேங்குது. இன்னைக்கு ஏறலைன்னா சரக்கைத் திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். சரக்கு திரும்பினால் யார் வயிற்றில் அடி விழும் என்று யோசித்தாள். பாழாய்ப்போன இந்த மனசு எப்போதும் அதைத்தான் யோசிக்கிறது.

"பதறாதீங்கண்ணே. மேல என்ன எழுதியிருக்கு, படிங்க."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் திரை முழுக்க அவளுக்குள்ளேயே இருந்தது. தேதியை மாற்றச் சொன்னாள். ஆர்டர் எண்ணைப் போடச் சொன்னாள். கீழே இருக்கிற சின்னக் கட்டத்தை அழுத்தச் சொன்னாள். மடிப்பு மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சின்ன முதலாளியின் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"என்னண்ணே, ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு தம்பி."

"பார்த்தீங்களா, முறையாக் கத்துக்கிட்டா எவ்வளவு சுலபமா இருக்குன்னு."

பசையண்ணன் போனை வைத்துவிட்டார். நன்றி சொல்ல அவருக்கு அங்கே வழியில்லை.

புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகம் தெளிந்திருந்தது.

"கம்பெனியிலிருந்தா? திரும்ப வேலைக்குக் கூப்பிடுறாங்களா?"

"இல்லைங்க" என்றாள். "வேலை மட்டும் வருது."

அவர் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர். அன்றைக்குப் பக்கத்தில் கிடந்த சார்ஜரை எடுத்து நீட்டினார். அவள் எழுந்து போனைச் சார்ஜில் போட்டாள். மத்தியானம் வண்டி கிளம்புகிற நேரத்துக்குப் பசையண்ணன் மறுபடியும் கூப்பிடுவார்.