கனேலாவின் மணி

பெரணிப் புதருக்குள்ளிருந்து கனேலா மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்று கோஸ்மாஸின் முகத்தையே பார்த்தது. வெள்ளை உடம்பில் லவங்கப்பட்டை நிறப் புள்ளிகள் தெளித்த செட்டர் வகை வேட்டை நாய். கனேலா என்றால் கிரேக்க மொழியில் லவங்கப்பட்டை; பெயரே அந்த நிறத்தால் வந்ததுதான். கோஸ்மாஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏன்டி வந்தே? போ! போய் நில்லு!" என்று கத்தினார். நாய் இரண்டடி வைத்தது, நின்றது, திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து, கீழே பள்ளத்திலிருந்து ஒரு காட்டு உள்ளான் பறவை எழும்பியது. காய்ந்த இலை நிறமும் நீள மூக்குமாக ஓக் மரங்களுக்கிடையே நெளிந்து நெளிந்து பறந்து மறைந்தது. துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவரக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

மேல் சரிவிலிருந்து லம்ப்ரோஸ் தன் கிழட்டு நாயோடு இறங்கி வந்தார். கோஸ்மாஸின் மனைவிக்கு அண்ணன். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும்.

"மாப்ளே, நீ வேட்டை நாயா வளர்க்கிறே? தபால்காரனை இல்ல வளர்க்கிறே! போறதும் வர்றதும், உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதும்!"

"சின்னப் பொண்ணு மச்சான். பழகிடுவா."

"இதையேதான் போன மாசமும் சொன்னே. நான் மேலே இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். அவ கழுத்து மணி நின்னுது. நல்லாத்தான் நின்னுது. அப்புறம் நிலையை விட்டுட்டு ஓடி வந்துட்டா. நிலையை விடுற நாய் திருந்தாது மாப்ளே. ப்ரெவெஸால ஒரு கோழிப்பண்ணைக்காரன் காவலுக்கு நாய் கேக்கிறான். அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

கோஸ்மாஸ் கனேலாவைப் பார்த்தார். கோழிப்பண்ணை வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாய்களை அவர் பார்த்திருக்கிறார். "சனிக்கிழமை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். "அன்னைக்கும் இப்படித்தான்னா, வரச் சொல்லு."

இந்த மலைக்காட்டில் இரண்டு மரம் தாண்டினால் நாய் கண்ணுக்குத் தெரியாது. அதன் கழுத்து மணியைக் காதால்தான் பின்தொடர வேண்டும். மணி ஒலிக்கும்வரை நாய் தேடிக்கொண்டிருக்கிறது. மணி நின்றால் நாய் பறவைக்கு முன்னால் கல்லாய்ச் சமைந்து நிற்கிறது என்று பொருள்; அதைத்தான் நிலை என்பார்கள். அப்போது வேட்டைக்காரன் சத்தமில்லாமல் அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காட்டு உள்ளானை மோப்பம் பிடிக்கும் நாயைவிட, மணி நின்ற இடத்தைக் குறி தவறாமல் போய்த் தொடும் மனிதனுக்குத்தான் காப்பிக்கடையில் மரியாதை. கோஸ்மாஸுக்கு அந்த மரியாதை ஒரு காலத்தில் நிறையவே இருந்தது.

இரண்டு குளிர்காலமாக மணி அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. நாய் பக்கத்தில் இருந்தால் கேட்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் காடே பஞ்சு வைத்து அடைத்தது போல் ஆகிவிடும். வருடக்கணக்காகக் காதோரம் வெடித்த தோட்டாக்களும், அவர் வேலை பார்த்த மீன் பண்ணையில் நாளெல்லாம் இரைந்த தண்ணீர்ப் பம்புகளும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அவர் குற்றம் சொன்னது மணியைத்தான். யானினா கடைவீதிக்குப் போய்ப் பெரிய மணி வாங்கினார். பிறகு அதைவிடப் பெரியது வாங்கினார். "நாய் ரொம்பத் தூரம் ஓடுது" என்று கடைக்காரனிடம் பொய் சொன்னார். இப்போது கனேலாவின் கழுத்தில் தொங்குவது ஆட்டுக் கிடாவுக்குக் கட்டுகிற மணி. "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பாதிரியார் உன் நாயை இரவல் கேக்கப் போறார் பாரு" என்று லம்ப்ரோஸ் சிரித்தபோது கூடவே கோஸ்மாஸும் சிரித்து வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களுக்குச் சிரிப்பு ரொம்ப உதவும்.

கனேலாவை அவர் எப்படி வளர்த்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கைக்குழந்தை மாதிரி வந்த குட்டி. மீன் தூண்டிலின் நுனியில் கௌதாரி இறகைக் கட்டி முற்றத்தில் ஆட்டுவார். குட்டி பாய்ந்து பாய்ந்து ஏமாந்து, கடைசியில் பாய்வதால் பயனில்லை என்று தானே கண்டுகொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது. அன்றைக்கு அவர் வீட்டுக்குள் ஓடி மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது என்று எவந்தியா திட்டியதுகூட அவர் காதில் விழவில்லை. அது செவிட்டுத்தனம் இல்லை, சந்தோஷம். போன கோடையில் கோதுமை அறுத்த வயலில் காடைகளைக் காட்டிப் பழக்கினார். நீளக் கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்தபடி மெல்ல நடந்து போவார். கனேலா வெட்டவெளியில் வாலை நீட்டி, மூச்சுகூட விடாமல் நிற்கும். ஒரு தடவைகூட நிலையை விட்டதில்லை. அந்த நாய் காட்டுக்குள் வந்ததும் ஏன் இப்படி ஆனது என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது லம்ப்ரோஸ் முதுகு பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கோஸ்மாஸ் தோட்டாப் பையை எடுக்கும்போது, வாசலில் எவந்தியா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றாள். கையில் கூடை.

"எங்கே?"

"காளான் பறிக்க. உன் காட்டுலதானே முளைக்குது?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வேட்டைக்கு வந்ததே இல்லை. நாய் வேண்டாம் என்று சண்டை போட்டவளும் அவள்தான். ஆனால் இந்த வாரம் முழுக்கக் கனேலா அடுப்படியில் அவள் காலடியிலேயே கிடந்தது. அவளும் பீட்டா ரொட்டியின் ஓரங்களை யாருக்கும் தெரியாமல் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை அதன் கூட நடக்க ஆசைப்படுகிறாள் என்பது கோஸ்மாஸுக்குப் புரிந்தது. வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. கனேலா இறங்கிய வேகத்தில் பெரணிக்குள் நுழைந்து காணாமல் போனது. கோஸ்மாஸ் நடந்தார். எவந்தியா பின்னால் குனிந்து குனிந்து வந்தாள். கூடையில் ஒரு காளானும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நின்னுடுச்சு" என்றாள் திடீரென்று.

"என்ன?"

"மணி. மணி நின்னா நாய் நிக்குதுன்னு அர்த்தம்னு எங்க அப்பா காலத்துலேருந்து கேக்கிறேன். நின்னுடுச்சு."

"தெரியும், தெரியும்" என்றபடி கோஸ்மாஸ் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டு மேட்டுப் பக்கமாக ஏறத் தொடங்கினார்.

"அங்கே எங்கே போறே? கீழேங்கிறேன்! அதோ அந்த முள்மரத்துக்கு அடியிலே."

அவர் நின்றார். முள்மரத்தைப் பார்த்தார். அவருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். மற்றவர்களுக்கெல்லாம் மணி நின்றால் சேதி, அவருக்கு மணி எப்போதுமே நின்றுதான் இருந்தது. எவந்தியா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். வீட்டில் அவர் கூட்டிக்கொண்டே போன டிவியின் சத்தமும், வாசலில் வந்து தட்டித் தட்டிப் பார்த்தும் அவர் திறக்காததால் திரும்பிப் போனவர்களும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை அவர் பார்த்தார்.

"கோஸ்மா, உண்மையைச் சொல்லு. மணி கேக்குதா உனக்கு?"

அவர் முள்மரத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினார். துப்பாக்கி வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அட என் மனுஷா! ஆடத் தெரியாதவ முற்றம் கோணல்னாளாம். அந்த வாயில்லாச் சீவனையா பண்ணைக்கு அனுப்பப் பார்த்தே?" சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று கையை உயர்த்தினாள். "இரு. மணி மறுபடி அடிக்குது. இங்கதான் வருது."

பெரணி விலகியது. கனேலா பத்தடி தள்ளி வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தது. கை பழக்கத்தில் தானாக ஓங்கியது. எவந்தியா அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அடிச்சே, நான் உன்னை அடிப்பேன். அவ அங்கே நின்னா. ரொம்ப நேரம் நின்னா. நீ வரலை. நீ வரமாட்டேங்கிறேன்னுதான் கூப்பிட வந்திருக்கா."

கோஸ்மாஸ் ஓங்கிய கையை இறக்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இது இப்படித்தான் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தது. வா, காட்டுகிறேன் என்பதை ஒரு நாய் இதைவிட எப்படித்தான் சொல்லும்? ஊரெல்லாம் அவரிடம் சத்தமாகப் பேசிப் பார்த்து அலுத்துப் போயிருந்தது. இந்த நாய் மட்டும் அவருக்குக் கேட்காது என்று தானே கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தது. அதற்கு அவர் கொடுத்த கூலி வசவு. அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஈரத் தரையில் மண்டியிட்டார்.

"காட்டுடி கண்ணு. வர்றேன்."

கனேலா திரும்பி நடந்தது. நாலு எட்டுக்கு ஒரு முறை கழுத்தைத் திருப்பி, அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டது. முள்மரம் நெருங்க நெருங்க அதன் நடை சுருங்கியது, உடம்பு தாழ்ந்தது. பிறகு வால் நீண்டது, ஒரு முன்னங்கால் அந்தரத்தில் நின்றது. வயலில் பார்த்த அதே நிலை. உள்ளான் அதன் மூக்குக்கு நேரே இலைச் சருகிலிருந்து வெடித்துக் கிளம்பியது. கோஸ்மாஸ் சுட்டார். கண்ணில் நீர் தளும்பியதில் குண்டுகள் கிளைகளை மட்டும் உதிர்த்தன. பறவை சுகமாகப் போய்விட்டது. கனேலா அவரை ஏறிட்டுப் பார்த்தது.

"இதுக்கும் அவளைக் குத்தம் சொல்லிடாதே!" என்று பின்னாலிருந்து எவந்தியா கத்தினாள். அது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. நெடுநாளைக்குப் பிறகு காட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் சொன்னார்: "உங்க அண்ணனுக்குப் போன் போடு. நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லிடு."

"நீயே பேசு. வேட்டை விஷயம், நீங்க ரெண்டு பேரும் ஆச்சு."

"எனக்குக் கேக்காது, எவந்தியா."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல் இருந்தது. எவந்தியா கிண்டல் எதுவும் செய்யவில்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டு, சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினாள்.

கோஸ்மாஸ் கனேலாவைக் கிட்டே இழுத்து, கழுத்து வாரைத் தளர்த்தி, அந்தக் கிடா மணியைக் கழற்றினார். அது உராய்ந்த இடத்தில் முடி தேய்ந்திருந்தது. விரலால் அங்கே தடவிக்கொடுத்தார். மணியைக் கோட்டுப் பையில் போட்டு, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தார். கனேலா தலையை ஒரு உதறு உதறியது. சத்தம் வராததில் ஒரு கணம் திகைத்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் பெரணிக்குள் மறைந்தது. காடு அசைவற்று இருந்தது. அவர் காதைத் தீட்டவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, நாய் போன வழியையே பார்த்தபடி காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், தூரத்தில் ஒரு பெரணி இலை ஆடியது. அடுத்து, அதைவிடப் பக்கத்தில் இன்னொன்று ஆடியது.