காலைத் தொங்கப்போட்டு

என் கோபத்தில் பாதி என் வீட்டுக்காரர் ராயப்பன் மேல்தான். மீதிதான் பண்ணையார் சக்கரபாணி ஆண்டை மேல்.

விழுப்புரம் ஆஸ்பத்திரி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். ராயப்பனுக்கு இருதயம் பலவீனம். அதனால் நுரையீரலில் நீர் ஊறிவிடுகிறது. படுக்கவே கூடாது. நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் நீர் காலுக்கு இறங்கும், மூச்சு விட இடம் கிடைக்கும். படுத்தாலோ, தரையில் குத்துக்காலிட்டாலோ மறுபடி நெஞ்சுக்கு ஏறும். யுத்த காலம், நீர் பிரிக்கிற ஊசி இனி எப்போது வருமோ தெரியாது, ஜாக்கிரதை என்றார். உப்பையும் நிறுத்தச் சொன்னார்.

எங்கள் ஊர் காணையில், எங்கள் சேரித் தெருவில் நாற்காலிக்கு எங்கே போவது? மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் சின்னதுரை தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பாடம் நடத்தினார். காற்று வரட்டுமென்று வாசலில் போட்டு இவரை உட்கார வைத்தேன். கால் இரண்டும் வீங்கின; மூச்சு சீராகிவிட்டது. உப்பில்லாத கேப்பைக் கூழை முகம் சுளித்துக்கொண்டு குடித்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

மறுநாள் காலை ஆண்டையின் வண்டிச் சலங்கை கேட்டது. எங்கள் வாசலை ஒட்டித்தான் வண்டிப்பாதை. இருபத்தைந்து வருஷம் அவரிடம் நெல்கூலிக்குப் படியாளாக இருந்த உடம்பு, தானாகவே நாற்காலியை விட்டு இறங்கி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையில் குத்துக்காலிட்டது. வண்டி கடப்பதற்குள் தொண்டையில் களகளவென்று சத்தம், வாயில் சிவந்த நுரை. தூக்கி உட்கார வைத்து மூச்சு திரும்ப உச்சிப்பொழுதாகிவிட்டது. சாயங்காலம் வண்டி திரும்பியபோது மறுபடி இறங்கினார். கேட்டால், ஆண்டை எதிரில் எப்படி உட்காருவது என்கிறார். மரியாதை செய்தே சாகப் பார்க்கிற மனுஷனை என்ன செய்ய?

மூன்றாம் நாள் விடிந்ததும் பழைய புடவையால் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். கெஞ்சினார், திட்டினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டி வந்தது, நின்றது. படியாளுக்கு நாற்காலி கேட்கிறதா, இந்த வீட்டுக்கு இனி என் நிலத்தில் வேலை கிடையாது என்றார் ஆண்டை. இவர் கட்டுக்குள் துடித்த துடிப்பில் நாற்காலியே ஆடியது.

"அவரு எறங்க மாட்டாரு ஆண்டே. நான்தான் கட்டி வெச்சிருக்கேன். எறங்கினா நெஞ்சுல தண்ணி ஏறிக்கும், செத்துடுவாரு. இருவத்தஞ்சு வருசமா தரையில குந்துனது உங்களுக்குப் போதாதா?"

ஆண்டை வண்டியை ஓட்டச் சொன்னார். பிழைப்பு போய்விட்டது என்று தெரியும், தெரிந்துதான் பேசினேன்.

வெயில் தாழ்ந்ததும் இவர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். வண்டி திரும்புகிற நேரம், முடியாது என்றேன்.

"அவுத்துடு மே. நீ கட்டிப்போட்டு ஒக்காந்தா, அது நான் ஒக்காந்தது இல்ல."

முடிச்சை அவிழ்த்தேன்.

சலங்கை கேட்டது. அவர் கை துண்டைத் தேடியது. வீங்கிய கால் தரையைத் துழாவியது. பிறகு இரண்டு கைகளும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டன. வண்டி எங்கள் வாசலில் மெதுவாகி, கடந்து போனது.

அவர் இறங்கவில்லை.