மூணு மாச ரத்தம்

சின்னராசு மூக்கைப் பிடித்துக்கொண்டு பாகற்காய்ச் சாற்றை ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு ஓர் ஏப்பம் விட்டான் பாருங்கள், அதன் நாற்றம் அடுப்பங்கரை வரைக்கும் வந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த செல்லம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சீ, கருமம் பிடித்த பிழைப்பு என்று முணுமுணுத்தாள். பாகற்காயின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. வருஷத்தில் மூன்றே மூன்று நாள் அதைக் குடித்துவிட்டு உத்தமன் வேஷம் போடுகிற மனுஷன் மேல்தான்.

அவன் கான்ட்ராக்ட் பஸ் டிரைவர். விடிகாலையில் பூஞ்சேரியிலிருந்து காலி வண்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய், அங்கேயிருந்து ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு வருவான். பதினோரு வருஷமாக அதே வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வந்து சேர்ந்தது. அதிலிருந்து டிசம்பர் மாசமானால் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டைக் கான்ட்ராக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை எகிறியிருந்தால் ஸ்டியரிங் கிடையாது, ஷெட்டில் நின்று வண்டி கழுவ வேண்டியதுதான். அதற்குத்தான் இந்த மூன்று நாள் விரதம். மூன்று நாளும் மாமல்லபுரம் ரோட்டில் கையை வீசி வீசி நடப்பான். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவான். ரத்தம் கொடுத்து முடிந்ததும், கையில் ஒட்டிய பஞ்சைக்கூடப் பிய்க்காமல் பரோட்டாவும் பாயாவும் வாங்கிவந்து உட்கார்ந்துவிடுவான். முழங்கை வரைக்கும் கொழுப்பு வழிய அவன் எலும்பை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டால் செல்லம்மாவுக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருக்கும். அதற்கு மேல் ஒரு குவார்ட்டர். மாத்திரையெல்லாம் ஞாபகம் வந்தால் உண்டு.

போன வருஷம் ஒரு டாக்டரம்மா டிரைவர்களுக்கெல்லாம் கேம்ப் போட்டுப் பேசினாராம். சாப்பாடு, நடை, தூக்கம், மாத்திரை, மனக்கவலை, குடி, எல்லாம் சேர்ந்துதான் உடம்பு, ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்பதை விட்டால் நிற்காது என்று போர்டில் எழுதிக்காட்டினாராம். இவன் எழுந்து, இதுல எது மேடம் ரொம்ப முக்கியம் என்று கேட்டிருக்கிறான். எல்லாமேதான் என்று அந்தம்மா சொன்னதும் இவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதுக்கு ஒண்ணியும் தெரியல, சும்மா பேசிகினு கீது" என்று வீட்டில் வந்து தீர்ப்புச் சொன்னான். ஒரே ஒரு காயோ கொட்டையோ சொல்லியிருந்தால் அந்தம்மா பெரிய டாக்டர் ஆகியிருப்பார்.

செல்லம்மாவுக்கு அதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க நேரம் ஏது? ஈ.சி.ஆர். ரோட்டில் கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் ரூம் சுத்தம் பண்ணுகிற வேலை. நாலு மணிக்கு எழுந்து களியோ கஞ்சியோ ஆக்கி வைத்துவிட்டு, தன் வாயில் ஒன்றும் போடாமல் ஓடுவாள். பெனாயில் தண்ணீரில் நாள் முழுக்க நின்றாக வேண்டும். பாத்ரூமில் தண்ணீர் இறங்குகிற ஜாலியில் சிக்கிய முடியை விரலால் இழுத்து எடுக்க வேண்டும். சுகவாசம் பண்ண வந்தவர்கள் துண்டில் துடைத்துப் போடுவதையெல்லாம் வெளியில் சொல்ல முடியாது. பதினோரு மணிக்குப் பசி காதை அடைக்கும்போது, ரூமிலிருந்து வருகிற தட்டில் வாய் படாத கேக்கும் பாதி டம்ளர் ஜூஸும் இருக்கும். முதல் நாள் அதைத் தின்றபோது குமட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகிப்போனதை நினைத்தால்தான் இப்போது குமட்டியது. ஒன்றிரண்டு வருஷமாகத் தின்பதெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியாமல் இளைத்துக்கொண்டு வந்தாள். கூட வேலை செய்கிற பூவாயி, "இன்னாக்கா, ஸ்லிம்மாயி சினிமாக்காரி கணக்கா கீறியே" என்று கேலி பண்ணுவாள். செல்லம்மாவும் சிரித்துக்கொள்வாள்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். ஏப்பம் விட்ட அன்று சாயங்காலம் சிநேகா வந்தாள். நாலு வீடு தள்ளியிருக்கிற ஜெபக்குமாரின் மகள், செங்கல்பட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தினமும் சின்னராசுவின் காலி பஸ்ஸில்தான் ஏறிப்போவாள். வருஷா வருஷம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகிறவளும் அவள்தான்.

"மாமா, இந்த வருஷம் உங்க கான்ட்ராக்டர் வேற டெஸ்ட் எழுதியிருக்காரு. இது மூணு நாளு கணக்க பாக்காது. மூணு மாசமா ரத்தத்துல எவ்ளோ சக்கர இருந்துச்சின்னு காட்டிக் குடுத்துரும்."

சின்னராசு அவளை முறைத்துப் பார்த்தான். "ரத்தத்துக்கு எப்டிம்மா போன மாசம் துன்னது நெனப்பு இருக்கும்?"

"இருக்கும் மாமா. எட்டுக்கு மேல போனா வண்டி தர மாட்டாங்களாம்."

செல்லம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் பாகற்காயை அந்த மனுஷன் சும்மா குடித்திருக்கிறான்! நல்லா வேணும் என்று மனசு குதித்தது. ஆனால் அவன் முகம் வெளிறுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வண்டி போய்விட்டால் இவன் வீட்டில்தான் கிடப்பான், குடித்துக்கொண்டு கிடப்பான். அதை நினைக்கவே பயமாக இருந்தது.

அவன் தலையைத் தூக்கி, சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி செல்லம்மாவை மேலிருந்து கீழே பார்த்தான்.

"உன் ரத்தத்த குடுமே."

"இன்னாது?"

"ட்யூப்புல ஆம்பள ரத்தம், பொம்பள ரத்தம்னு எழுதியா கீது? பேரு என்னுது, ரத்தம் உன்னுது. உனக்கு இன்னா கேடு? இளைச்சி சிக்குனு கீற, நாளெல்லாம் ஓடுற. ஒரு மாத்திர முழுங்கனது கெடையாது."

சிநேகா முடியாது மாமா, வேலை போய்விடும் என்றாள். அவன் கத்தவில்லை. நாளைக்கு எந்த பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போவாய் என்று மட்டும் கேட்டான். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டது. செல்லம்மாவுக்கு அவன் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. அவனோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அந்த இடத்தில் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். "எடும்மா, சீக்கிரம் எடு. இந்த ஆளு மூஞ்சியப் பாக்க முடியல."

ஊசி ஏறியது வலிக்கவில்லை. கருஞ்சிவப்பாக ஏறிய ரத்தத்தின் மேல் சிநேகா காகிதம் ஒட்டி எழுதினாள்: சின்னராசு, ஆண், வயது 49. அதைப் பார்த்ததும் தன் உடம்புக்குள் யாரோ செருப்புக் காலோடு நடந்துபோன மாதிரி அருவருப்பாக இருந்தது அவளுக்கு. சின்னராசு அன்றைக்கே பரோட்டா வாங்கிவந்துவிட்டான். அவளுக்கும் ஒன்று பிய்த்துப் போட்டான். அவள் தொடவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சிநேகா சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள். லேபிலிருந்து ரிப்போர்ட் நேராகக் கான்ட்ராக்டருக்கே போய்விட்டதாம். நாளையிலிருந்து ஷெட்டுக்கு வா என்று சூப்பர்வைசர் அருணகிரி சொல்லிவிட்டாராம்.

"இன்னாமே துன்ன நீ?" என்று கத்தினான் சின்னராசு. "அந்த ஹோட்டல்ல இன்னாத்த துன்னு தொலச்ச?"

செல்லம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிநேகாதான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "பன்னெண்டு புள்ளி நாலு அத்தே. மிஷின் தப்பாயிருக்கும்னு ரெண்டு தடவ போட்டாங்க. ரெண்டு தடவையும் அதேதான்."

"யாருக்கு?"

"உங்களுக்கு அத்தே."

காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவன் பேர்தான் இருந்தது. அவன் வயசு, ஆண் என்று போட்டிருந்ததும் அவனுக்குத்தான். அந்த எண் ஒன்று மட்டும் அவளுடையது.

"என் ரத்தத்தயே குடுத்திருந்தா எட்டோட நின்னிருக்கும்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பதினோரு வருசம் ஓட்டுன வண்டிமே! நீ நல்லா கீறேன்னு நம்பிதான மே குடுத்தேன்? சக்கர கீதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? இப்ப போயி என் ரத்தம் இல்லன்னு சொன்னா வேலயே பூடும்."

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. செல்லம்மா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உனக்கு என்ன செய்கிறது, தலை சுற்றுகிறதா, தாகம் எடுக்கிறதா என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வருமா என்று பார்த்தாள். அவனும் கொஞ்சம் அடங்கினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"சரி, உடு. மூணு மாசம் கழிச்சி இன்னோரு டெஸ்ட்டு எடுக்கலாம்னு அருணகிரி சொன்னாரு. இன்னையிலருந்து வாயக் கட்டு. நடக்கணும், நல்லா தூங்கணும். மனசுல எதுவும் வெச்சிக்காத. மூணே மாசம். நீ எறக்கிட்டேன்னா எனக்கு வண்டி வந்துரும்."

செல்லம்மா அவனையே பார்த்தாள். இந்த ஆளின் வாயை இவன் கட்ட மாட்டான், இவன் நடையை நான் நடக்க வேண்டும், இவன் தூக்கத்தை நான் தூங்க வேண்டும். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை, புளித்த எச்சில்தான் வந்தது. "த்தூ!" என்று வாசலிலேயே துப்பினாள். அவன் காலடியில்தான் விழுந்தது.

"அத்தே, நாளைக்கு ஜி.எச்.சுக்கு வாங்க. நான் கூட வரேன்" என்றாள் சிநேகா. "கால்ல எங்கியாச்சும் புண்ணு கீதா? இவ்ளோ இருந்தா மொதல்ல காலத்தான் பாப்பாங்க."

"எனக்கு இன்னாடி புண்ணு? வலியே இல்லியே" என்றாள் செல்லம்மா.

ஆனாலும் வீட்டின் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. வலது காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. இடது காலைத் தூக்கினாள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, பெனாயில் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்திருந்த தோல் வாய் பிளந்திருந்தது. விரல்களை விரித்தாள். உள்ளே கருப்பாக ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். எறும்புகள். கணுக்கால் வழியாக ஒரு சாரி ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு சாரி இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து வந்துபோகின்றனவோ. அவள் விரல்களை விரித்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றுகூடக் கடிக்கிற மாதிரி தெரியவில்லை.